வெள்ளையடிக்காத ஒரு முழச் சுவர்

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் தையல் விறாந்தையில் வந்து இருந்ததும் முதலில் பார்ப்பது மெஷினை அல்ல, சுவரைத்தான். சுற்றிவரப் பளிச்சென்று வெள்ளை அடித்திருக்கும். ஆணிகள் வரிசையாக அடித்த ஓர் இடத்தில் மட்டும் ஒரு முழ அகலத்துக்குச் சுவர் பழுப்பேறிக் கிடக்கும். "சுண்ணாம்பு முடிஞ்சு போச்சோ?" என்று கேட்பார்கள். முடியவில்லை. அந்த இடத்தில் நான்தான் அடிக்க விடுவதில்லை. ஏன் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி வாய் அலுத்துவிட்டது. அதனால் சொல்லி எழுதுவித்து வைக்கிறேன்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். ஆனால் திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியிருக்கிற ஊர்களில் என் கையால் தைத்த சட்டை இல்லாத வீடு குறைவு. பெருமைக்குச் சொல்லவில்லை என்று சிலர் எழுதுவார்கள். நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன். எனக்கு ஒருவரும் தையல் பழக்கவில்லை. வெள்ளைக்காரரின் கடற்படை இங்கே இருந்த காலத்தில், நான் வீட்டுவேலைக்குப் போன குவாட்டர்ஸில் இருந்த ஒரு துரைசாணி கிழிந்த கவுன் ஒன்றை நிலம் துடைக்கத் தந்தார். நான் நிலத்தைப் பழைய சாக்கால் துடைத்துவிட்டு, கவுனை வீட்டுக்குக் கொண்டுவந்து தையல் தையலாகப் பிரித்தேன். பதினொரு துண்டு. பாயில் பரப்பிவைத்து இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் திரும்பப் பொருத்தித் தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதை உடுத்திக்கொண்டு பார்ட்டிக்குப் போனார். கப்பலேறி ஊருக்குப் போகும்போது தன் கைமெஷினை என்னிடம் விட்டுப் போனார். அந்த மனுசிக்கு நான் இன்னும் நன்றி சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அவருக்கு அது கேட்காவிட்டாலும் மெஷினுக்குக் கேட்கும்.

அந்தக் கடற்படைக்காரர் முகாமைக் கையளித்துவிட்டுப் போனபோது பழைய சாமான்கள் ஏலத்தில் விற்றார்கள். கப்பல் பட்டறையான டொக்யாட்டில் தச்சுவேலை செய்த என் வீட்டுக்காரர் இருக்கிறதுக்கு ஒரு கதிரை வாங்கப் போனார். நானும் கூடப் போனேன், நல்லகாலம். ஒரு மூலையில் ஆளுயரத்துக்கு ஒரு பெட்டகம் நின்றது. கதவில்லை, முழுக்கச் சதுரச் சதுரமாகப் பொந்துகள். கப்பலுக்குச் சைகை காட்டுகிற கொடிகளைப் பொந்துக்கு ஒன்றாகச் சுருட்டி வைப்பதற்குச் செய்தது. அதை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குக் கண்ட உடனேயே விளங்கிவிட்டது. வண்டிலில் ஏற்றி வந்து இறக்கியபோது பக்கத்து வீட்டு மச்சாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"என்ன மச்சாள், புறா வளர்க்கப் போறியளோ?"

"ஓம். முதல் புறா நீதான், வந்து ஏறு."

அந்தப் பெட்டகம் வந்த பிறகுதான் என் தையல் ஒரு ஒழுங்குக்கு வந்தது. அதற்கு முன் வெட்டின துணி கட்டிலில், நூல் குசினி அடுப்படியில், கத்தரிக்கோல் எங்கே என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். பின் விறாந்தையை வீட்டுக்காரர் பலகை அடித்து அடைத்து, வடக்குப் பக்கம் பெரிய ஜன்னல் வைத்துத் தந்தார். வடக்கு வெளிச்சம் ஒரே சீராக விழும், ஊசிக்கண் தெரியும். இதை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லித் தரவில்லை.

பொந்துகளை நான் பருவத்துக்குப் பருவம் மாற்றுவேன். மார்கழியில் மேல்வரிசை முழுக்கப் பள்ளிக்கூட வெள்ளை. பங்குனி பிறந்தால் அதே வரிசையில் சித்திரை வருசத்துக்குத் தைக்கிற சீத்தைத் துணிகள் பூப்பூவாய் வந்து குந்திவிடும். வைகாசி தொடங்கிக் கச்சான் காற்று அடிக்கும்போது ஜன்னலைத் திறக்க ஏலாது, மெல்லிய துணி பறந்து கிணற்றடிக்குப் போய்விடும். அப்போது திரைச்சீலை, மெத்தையுறை, பாரத்துக்குப் படுத்துக்கிடக்கிற துணிகளாகப் பார்த்துத் தைப்பேன். ஐப்பசி கார்த்திகையில் மாரி மழை தொடங்கிவிட்டால் சனம் வராது. அந்தக் காலம் என்னுடையது. ஜன்னலடியில் இருந்து மெல்லிய வெள்ளை வொயில் துணியில், இரண்டு விரல் அகலப் பட்டிகளாக, பூவேலை செய்துகொண்டிருப்பேன். கொடி, இலை, அலை, எங்கள் ஊர்க் கோட்டைக்குள் மேய்கிற புள்ளிமான். எதற்கு என்று ஒரு கணக்கும் இல்லை. சங்கிலித் தையல் போட்டுக்கொண்டு மழையைக் கேட்டுக்கொண்டிருப்பதில் எனக்கு ஒரு சுகம். செய்து முடித்ததைச் சுருட்டிப் பிஸ்கட் டின்னில் போட்டு, கடைசிப் பொந்தில் தள்ளிவிடுவேன்.

"இதை ஆர் போடப் போகினம்?" என்று வீட்டுக்காரர் கேட்பார்.

"டின் போடட்டும்," என்பேன்.

இனி ஆணிக்கு வருகிறேன். அளவை நான் கொப்பியில் எழுதுவதில்லை. என் எழுத்து எனக்கே அடுத்த கிழமை பிடிபடாது. வாடிக்கையான ஒவ்வொரு பெண்ணுக்கும் வெளுக்காத கோறாத் துணியில் நீளமாக ஒரு நாடா கிழிப்பேன். அவளைச் சுற்றிப் பிடித்து, நெஞ்சளவுக்குச் சிவப்பு நூல், இடுப்புக்கு நீலம், கைக்குக் கறுப்பு, நீளத்துக்குப் பச்சை என்று அந்தந்த இடத்தில் ஒரு தையல் போடுவேன். தலைப்பில் அவளுக்கு முதன்முதல் தைத்த சட்டையின் வெட்டுத்துண்டு ஒன்றை வைத்துத் தைத்துவிடுவேன். பெயர் தேவையில்லை. துண்டைக் கண்டால் ஆள் நினைவுக்கு வந்துவிடும். ஆணியில் தொங்கும் நாடாவை எடுத்துத் துணியில் வைத்து வெட்டுவதுதான் வேலை. படித்த தையற்காரிகள்கூட வந்து தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இதனால் பெரிய உதவி, ஆற்றுக்கு அப்பால் இருக்கிற முஸ்லிம் ஊரான கிண்ணியாவின் பெண்களுக்கு. வளர்ந்த பிள்ளைகள் அளவு கொடுக்கவென்று ஒவ்வொரு முறையும் பாதை ஏறி வரத் தேவையில்லை. பாதை என்று நாங்கள் சொல்வது ஆற்றுவாயைக் கடக்கிற மிதவையை. அங்கிருந்து வாடிக்கையாக வருகிற ஒரு ராத்தா இருந்தார்; அக்காவை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். என்னிலும் ஐந்தாறு வயது மூத்தவர். அவருக்கு மூன்று பெண்பிள்ளைகள். மூன்று நாடாவும் என் ஆணியில் கிடக்கும். அவர் துணியை மட்டும் கொண்டுவருவார்.

அது துணிக்குப் பங்கீட்டுக் கூப்பன் வைத்த காலம். கூட்டுறவுச் சங்கக்கடையில் கிடைத்தால் கிடைத்தது. அந்த வருடம் தைப்பொங்கல் கழிந்து இரண்டு கிழமையில் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. பொங்கலுக்கு முதல்நாள் ராத்தா ஒரு பார்சலோடு வந்தார். பச்சையில் சின்ன வெள்ளைப் புள்ளி போட்ட சீத்தை.

"வீட்டுக் கூப்பன், தம்பி வீட்டுக் கூப்பன், எல்லாம் சேத்து எடுத்தது, புள்ள. மூணு பேருக்கும் ஒரே மாதிரி நீளக்கைச் சட்டை. போன பெருநாளைக்கும் பழசுதான் உடுத்ததுகள். இதை விட்டா வேற துணி இல்ல."

"ராத்தா, என்ரை கத்தரி இதுவரைக்கும் ஒரு துணியும் பிழையா வெட்டினதில்லை."

சொன்னேன், இந்த வாயால்தான்.

பொங்கலுக்கு வீடு வெள்ளை அடித்திருந்தோம். நாடாக்களின் மேலெல்லாம் சுண்ணாம்புத் தெறிப்பு. என் இடம் அழுக்காக இருந்தால் எனக்குப் பொறுக்காது. அத்தனை நாடாவையும் கழற்றி, கொதிதண்ணீரில் சோடாவும் சவர்க்காரமும் போட்டு ஊறவைத்து, கசக்கிக் கொடியில் காயப்போட்டேன். பால்போல் வந்தன. திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு, தூரநின்று பார்த்து ரசித்தேன்.

வருகிற எல்லாருக்கும் நான் சொல்லுகிற புத்தி ஒன்று உண்டு. புதுத் துணியை ஒரு நாள் ஊறவைத்துக் காயவிட்டபிறகுதான் வெட்டவேண்டும், இல்லாவிட்டால் பிறகு சுருங்கும். ராத்தாவின் சீத்தையையும் அப்படியே ஊறவைத்துத்தான் எடுத்தேன். ஆனால் தண்ணீரே காணாத கோறாத் துணியில் கிழித்த நாடாவும் ஒரு துணிதான் என்பது என் மண்டைக்குள் ஏறவில்லை. எல்லா நாடாவும் ஒன்றாகச் சுருங்கினால் கண்ணுக்கு எப்படித் தெரியும்?

பொங்கல் முடிந்து மூன்றாம் நாள் காலையில் மூன்று சட்டையையும் வெட்டி முடித்தேன். மத்தியானம் பக்கத்து வீட்டு மச்சாள், நான் முதல்நாள் தைத்துக் கொடுத்த புதுச் சட்டையைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"மச்சாள், கொளுக்கி பூட்ட ஏலாமக் கிடக்கு. மூச்சு விட்டாத் தெறிக்குது."

"பொங்கலண்டு எத்தினை வடை திண்டனீ?"

"ஏழு. நீதானே எண்ணி எண்ணி வைச்சனீ."

"அப்ப சட்டையில பிழை சொல்லாத. வயித்தில சொல்லு. உன்ரை அளவு ஆணியில தொங்குது, வந்து பார். நீ கொழுத்திட்டாய்."

அவள் வீட்டுக்குப் போய், நான் போன வருடம் தைத்துக் கொடுத்த பழைய சட்டையைக் கொண்டுவந்தாள். அதை மேசையில் விரித்து, நாடாவை எடுத்து அதற்கு மேல் வைத்தாள். சிவப்பு நூலுக்கும் சட்டை ஓரத்துக்கும் இடையில் இரண்டு விரல் வெளி.

"இந்தச் சட்டை இண்டைக்கும் எனக்கு அளவு. நான் கொழுக்கேல்லை மச்சாள். உன்ரை நாடா மெலிஞ்சு போச்சு."

மெஷினடியில் அடுக்கிவைத்த பச்சைத் துண்டுகளைப் பார்த்தேன். மூன்று பிள்ளைகளின் பெருநாள். இரண்டு வீட்டுக் கூப்பன். ஊரெல்லாம் தேடினாலும் அந்தத் துணி இனி ஒரு சாண் கிடைக்காது. மச்சாள் என்னைப் பரிகசித்திருக்கலாம், அதற்கு உரிமையும் இருந்தது. அவள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தந்துவிட்டு, "ஆரின்ரை துணி அது?" என்று மெல்லக் கேட்டாள்.

அடுத்தநாள் காலையில் துண்டுகளை மடித்து எடுத்தேன். ஏன் என்று தெரியாமல் பிஸ்கட் டின்னையும் எடுத்தேன். பஸ் ஏறி, பாதை ஏறி, கிண்ணியாவுக்குப் போனேன். அத்தனை வருடத்தில் அளவு எடுக்க நான் ஆளைத் தேடிப் போனது அதுதான் முதல் தடவை. ராத்தா படியிலேயே சந்தோசமாக வந்தார்.

"என்ன புள்ள, அதுக்குள்ள தச்சு முடிச்சிட்டியா?"

"இல்லை ராத்தா. பிழையா வெட்டிப்போட்டன்."

முழுவதையும் சொன்னேன். கொதிதண்ணீரையும் சொன்னேன், என் வாய்ப்பேச்சையும் சொன்னேன். அவர் துண்டுகளைக் கையில் வாங்கி ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிள்ளைகள் மூவரும் கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றார்கள். கடைசிப் பெண்ணின் கால்விரல்கள் மட்டும் சீலைக்குக் கீழே தெரிந்தன.

"சின்னனாத் தச்சுத் தந்திட்டு, உங்கட புள்ளையள் பெருத்திட்டுதுகள் எண்டு சொல்லியிரிக்கலாமே," என்றார் ராத்தா.

"அதை நேற்று ஒருத்திக்குச் சொல்லிப்போட்டன் ராத்தா."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சீலைக்குப் பின்னாலும் சிரிப்புக் கேட்டது. பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டு வரிசையாக நிற்கச் சொன்னார். துண்டுகளை உடம்பில் வைத்துப் பார்த்தேன். மூன்று பேருக்கும் முன்பக்கத்தில்தான் போதாது. அப்போதுதான் டின்னின் நினைவு வந்தது. திறந்து பட்டிகளைப் பாயில் உருட்டிவிட்டேன். முன்பக்கத்தைத் தோளிலிருந்து கீழ்வரை இரண்டு இடத்தில் பிளந்து, நடுவில் பூவேலைப் பட்டி வைத்துப் பொருத்தினால் அகலம் வரும், கை நுனிக்கும் அதே பட்டி வைத்தால் நீளமும் வரும் என்று காட்டினேன்.

கடைசிப் பெண் பாய்ந்து எடுத்தது மான் பட்டியை. என் வேலைகளில் அதுதான் திறம். ராத்தா அவளிடமிருந்து வாங்கி எனக்குத் திருப்பித் தந்தார்.

"மான் வேணாம் புள்ள. உசிருள்ளதுட உருவம் போட்டுத் தொழ ஏலா. மான் கோட்டைக்குள்ளேயே நிக்கட்டும். கொடியும் பூவும் எடு."

மானைக் கழித்தால் இரண்டு சட்டைக்குத்தான் பட்டி இருந்தது. மூன்றாவதற்குப் புதிதாகச் செய்யவேண்டும். வீட்டுக்கு வந்து, வெட்டின துணியை மறுபடி நடுவால் பிளக்கக் கத்தரியைத் தூக்கிவிட்டு இரண்டு தரம் திரும்ப மேசையில் வைத்தேன். இதையும் சொல்லத்தான் வேண்டும். அப்போது வேலியடியில் குரல் கேட்டது.

"கொழுத்தவள் வந்திருக்கிறன். ஊசி இருக்கோ?"

எட்டு நாள், விடிந்ததிலிருந்து வெளிச்சம் சாயும்வரை, மச்சாளும் நானும் வடக்கு ஜன்னலடியில் ஒரே பட்டியின் இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டு இருந்து பூப்போட்டோம். அவள் ஒரு நுனியிலிருந்து, நான் மறுநுனியிலிருந்து. நடுவில் இரண்டு பேருடைய கொடியும் சந்திக்கிற இடத்தில் அவளுடைய இலை கொஞ்சம் தடிப்பு. "ஏழு வடை திண்ட இலை," என்றாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவளுடைய சட்டையையும் பிரித்துச் சரியாக்கிக் கொடுத்தேன். சுருங்கின நாடாக்களை எல்லாம் ஆணியிலிருந்து கழற்றி எறிந்தேன். பெருநாளுக்கு இரண்டு நாள் முந்தி ராத்தாவின் தம்பி வந்து பார்சலை எடுத்துக்கொண்டு போனார்.

பெருநாளன்று பின்னேரம் வாசலில் பஸ் சத்தம். ராத்தா முன்னால், கையில் துணியால் மூடிய, பெருநாள் இனிப்பான வட்டிலாப்பக் கோப்பை. பின்னால் மூன்று பச்சைச் சட்டை. பட்டிகள் தோளிலிருந்து நேராக இறங்கி, கொடிகள் நெளிந்து, கை நுனியில் பூவோடு முடிந்திருந்தன. ஓர் இடத்திலும் இழுவையில்லை, சுருக்கமில்லை. கிண்ணியாவில் அடுத்த பெருநாளுக்கு எத்தனை பேர் இதே மாதிரிப் பட்டிச்சட்டை கேட்டு வந்தார்கள் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். என் பிழையைக்கூட ஊர் ஒரு மோஸ்தராக்கிக்கொண்டது. எல்லாருடைய பிழைக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை.

கடைசிப் பெண் நேரே கொடிப் பெட்டகத்தடிக்குப் போனாள். மான் பட்டியைப் பெட்டகத்துக்குப் புதிதாகப் போட்ட திரையின் ஓரத்தில் வைத்துத் தைத்திருந்தேன். அதை விரலால் தடவிக்கொண்டு நின்றாள்.

அன்றைக்கு மூன்று பிள்ளைகளுக்கும் புது நாடா கிழித்தேன், இந்த முறை ஊறவைத்துக் காய்ந்த துணியில். தலைப்பில் பச்சைச் சீத்தைத் துண்டு வைத்தேன். மாட்டிவிட்டுத் திரும்பினால் ராத்தா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு மேசையடியில் வந்து நிற்கிறார்.

"எனக்கும் ஒண்டு கிழி புள்ள."

அத்தனை வருடத்தில் அவர் தனக்கென்று என்னிடம் ஒரு துணியும் தந்ததில்லை, அளவும் தந்ததில்லை. பிள்ளைகளின் துணியைப் பிழையாக வெட்டின கையிடம் வந்து நிற்கிறார். நாடா கிழித்து அளவெடுத்தேன். பச்சை நூல் போடும்போது கண் மறைத்தது. ஊசிக்கண் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.

அடுத்த தைக்கு வீட்டுக்காரர் சுண்ணாம்பு வாளியோடு வந்து ஆணியடியில் நின்றார்.

"இதுகளையும் கழட்டித் தாவன், அடிச்சுவிட."

"அது அப்படியே கிடக்கட்டும்," என்றேன். "ராத்தாவின்ரை நாலாவது நாடா அசையாமல் பாத்து, சுத்திவர அடியுங்கோ."