சீன மாஸ்டரின் முதல் நரம்பு

எங்கள் மாடி வீட்டில் குடியிருக்கும் பெண் வேலூர் பாகாயத்தில் டாக்டருக்குப் படிக்கிறாள். மாலை நேரத்தில் கிடார் வாசிப்பாள். போன வாரம் வாசித்துக்கொண்டிருந்தபோது 'டப்'பென்று ஒரு சத்தம். அது என்ன சத்தமென்று இந்தத் தெருவிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும் என்கிற கர்வத்தில், முழங்கால் வலியை மறந்து மாடிப்படி ஏறிவிட்டேன். "முதல் நரம்புதானேம்மா போச்சு?" என்று மூச்சிரைக்கக் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே ஓர் உறையைக் கிழித்தாள். வெள்ளையாக எதையோ உருவி, முடிச்சுப் போட்டு, முறுக்கினாள். இரண்டே நிமிடம். விட்ட இடத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

வெட்டிப் போட்ட துண்டை எடுத்து முகர்ந்து பார்த்தேன். "நைலான் தாத்தா, வாசனையெல்லாம் வராது" என்றாள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. நான் அறிந்த கிடார் நரம்பு நாறும். ஈரக்குடலும் சாம்பல் தண்ணீரும் கலந்த நாற்றம். சாப்பிட உட்கார்ந்தால் கையில் வரும், படுத்தால் தலையணையில் வரும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் பத்து நாள் அந்த நாற்றத்தோடு ஆம்பூர் முழுக்க ஓடியவன் நான். அவளிடம் சொல்ல ஆரம்பித்தேன், பரீட்சை இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். ஆகவே நீங்கள் அகப்பட்டீர்கள்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. ஊர் குடியாத்தம், வீட்டில் தறி. தறிக் குழியில் கால் வைக்க மாட்டேன் என்று வீம்பு பிடித்து ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் கிளார்க்காகச் சேர்ந்தேன். கட்டுக் கட்டாக வரும் தோலுக்கு நம்பர் எழுதுவது வேலை. அந்தக் கம்பெனிக்குத் தோல் வாங்க வந்தவர்தான் சென். கல்கத்தாவில் அவருடைய மாமா பூட்ஸ் கடை வைத்திருந்தார். நல்ல தோலாகப் பொறுக்கி அனுப்புவதற்கென்று மருமகனை எங்கள் ஊருக்கு ஏற்றிவிட்டார். சீனர், என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர், ஒல்லி. கிடங்குக்குப் பின்னால் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். ஒரு டிரங்குப் பெட்டியும், சவப்பெட்டியின் குட்டி போல ஒரு கறுப்புப் பெட்டியும் கொண்டுவந்திருந்தார். கறுப்புப் பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று கம்பெனியே ஒரு வாரம் பேசியது.

முதலாளி சாயபு, அதனால் வெள்ளிக்கிழமை எங்களுக்கு விடுமுறை. முதல் வெள்ளிக்கிழமையே விஷயம் வெளியே வந்துவிட்டது. கிடங்கிலிருந்து சத்தம் வர, நானும் சாமுவேல் மேஸ்திரியும் ஜன்னலில் தலையை விட்டோம். சாமுவேல் மேஸ்திரி தொட்டிகளுக்குப் பொறுப்பு. நாற்பது வயது, மீசையும் குரலும் பெரியவை. தோலைப் பதப்படுத்த ஆவாரம்பட்டை ஊறிய தொட்டித் தண்ணீரில் ஒரு விரல் விட்டு, நாக்கில் வைத்து, இன்னும் எத்தனை நாளென்று சொல்லிவிடுவார். உள்ளே சென் மடியில் கிடார். ஒரே ஆள் வாசிக்கிறார், இரண்டு பேர் வாசிப்பதாகக் கேட்கிறது. கட்டைவிரல் ஒரு கதை சொல்கிறது, மற்ற விரல்கள் வேறொன்று சொல்கின்றன. "மாஸ்டர், எங்களுக்குச் சொல்லிக் குடுப்பீங்களா?" என்று ஜன்னல் வழியாகவே கேட்டுவிட்டேன். அன்று அவருக்கு வைத்த பெயர்தான் மாஸ்டர்.

கல்கத்தா இந்துஸ்தானியும் எங்கள் கம்பெனியில் பொறுக்கிய தமிழும்தான் அவர் பேச்சு. இடது காலை ஒரு செங்கல்மேல் வைக்கச் சொல்வார். வாத்தியத்தை மடியில் சாய்ப்பதற்குள், "ஹல்லு பாபு, ஹல்லு" என்பார். மெதுவாக என்பதற்கு எங்கள் ஊர் பாய்மார்கள் சொல்லும் வார்த்தை அது. மூன்று மாதம் வெறும் நரம்பைத்தான் மீட்டினோம். நானோ முதல் வாரமே கச்சேரி செய்துவிடும் அவசரத்தில் இருந்தவன். மேஸ்திரிக்குத்தான் உண்மையான கஷ்டம். சுண்ணாம்புக் குழியில் வெந்து விரல் நுனியில் தோலே இருக்காது. நரம்பை அழுத்தினால் கண்ணில் தண்ணீர் வரும். மீசையைத் துடைத்துக்கொண்டு மறுபடி அழுத்துவார்.

பாடத்துக்கு நடுவே வாத்தியத்தின் பூர்வீகம் வரும். அரபு நாட்டில் பிறந்து, ஸ்பெயினுக்குப் போய், அங்கே இடுப்பு வளைந்ததாம். முதலில் நான்கு ஜோடி நரம்பு, அப்புறம் ஐந்து ஜோடி, கடைசியில் ஆறு ஒற்றை நரம்பு. ஒரு ஸ்பெயின் தச்சர் வயிற்றைப் பெரிதாக்கிக் குரலையும் பெரிதாக்கினாராம். போர்ச்சுகல்காரர்களின் கப்பலேறி அது சீனக் கரையில் இருக்கும் மக்காவ் என்கிற ஊருக்கு வந்தது. அங்கே மாதா கோயில் பாதிரியாரிடம் மாஸ்டர் கற்றார். அவருடைய அம்மா, மடியில் நிமிர்த்தி வைத்து வாசிக்கும் நான்கு நரம்புச் சீன வாத்தியத்தில் கெட்டிக்காரியாம். "அம்மா சொன்னா, இது வெள்ளைக்காரன் சாமான், ஜாஸ்தி பேசும்" என்று சொல்லிச் சிரிப்பார். இந்தக் கதையில் அரபு நாடு வந்த இடத்தை மேஸ்திரி எங்கள் முதலாளி காதில் போட்டுவைத்தார். கிடங்கில் என்ன சத்தம் என்று முறைத்துக்கொண்டிருந்தவர், "அப்போ நம்ம வாத்தியம்தானே, வாசிக்கட்டும்" என்று போய்விட்டார்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது கல்கத்தாவிலிருந்து மாமாவின் கடிதம் வந்தது. தோல் வாங்கியது போதும், மாதக் கடைசிக்குள் வந்து பூட்ஸ் தைக்க உட்கார். மாஸ்டர் அதைப் படித்துக்காட்டிவிட்டுத் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாபு, செருப்பு தைக்க எனக்கு வெக்கம் இல்லே. ஆனா மெழுகு நூல் இழுத்தா ரெண்டு வருஷத்துலே விரல் போயிடும்" என்றார். ஒரே ஒரு வழி இருந்தது. வேலூரில் மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் சங்கீத வாத்தியார் இடம் காலி. தலைமை ஆசிரியையான வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாவுக்கு எழுதிப் போட்டிருந்தார். வரும் சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை வந்து வாசித்துக் காட்டு, பிடித்தால் வேலை, என்று பதில் வந்தது. நாங்கள் மூவரும் கிடங்கில் குதித்தோம்.

குதித்த மறுநாள் முதல் நரம்பு அறுந்தது. பெட்டியைத் திறந்தால் மாற்று நரம்பு இல்லை, கடைசியாக இருந்ததுதான் அறுந்திருக்கிறது. கல்கத்தாவுக்கு எழுதி வரவழைக்க மூன்று வாரமாகும். மெல்லிய குரலெல்லாம் அந்த நரம்பில்தான் இருக்கிறது. அது இல்லாமல் பரீட்சைக்குப் போவதும் போகாததும் ஒன்றுதான்.

"இது எதுல பண்றது மாஸ்டர்?" என்று மேஸ்திரி கேட்டார்.

"ஆட்டுக்குடல்."

மேஸ்திரி இடி இடித்ததுபோல் சிரித்தார். "இவ்ளோதானா? இது ஆம்பூர், மாஸ்டர்! ஆட்டுக்கு இன்னா பஞ்சம்? எங்கிட்ட வுடுங்க!"

மாஸ்டர் நரம்பை உறையிலிருந்துதான் எடுத்திருக்கிறார், செய்து பார்த்ததில்லை. எங்களுக்கோ தெரியாதது எதுவுமில்லை. கசாப்புக் கடைக்கு விடியற்காலையில் ஓடினேன். குடலைக் கழுவினோம், வழித்தோம், கிழித்தோம், முறுக்கினோம். அத்தோடு விட்டிருக்கலாம். மேஸ்திரியால் முடியவில்லை. "பச்சையா கட்டினா அழுவிப்போய்டும்பா. பட்டைத் தண்ணி காட்டாம நான் எதையும் வெளிய அனுப்பினதில்ல" என்று, முறுக்கிய குடலைத் தன் தொட்டிகளில் நல்லதாகப் பார்த்து ஊறப்போட்டார். நானும் தலையாட்டினேன். எங்கள் ஊரில் ஆட்டிலிருந்து வந்த எதுவும் தொட்டிக்குப் போகாமல் நல்ல கதி அடைந்ததில்லை. தினமும் விரல் விட்டு ருசி பார்த்தார். நான்காம் நாள், "பதம் வந்துட்ச்சு!" என்று அறிவித்தார்.

என்ன அழகு தெரியுமா! தேன் நிறம், வழவழப்பு. மாஸ்டர் கட்டி, முறுக்கி, மீட்டினார். 'தொப்.' இன்னும் முறுக்கினார். 'தொப்.' நாங்கள் நரம்பு செய்யவில்லை. அருமையான பூட்ஸ் கயிறு ஒன்று செய்திருந்தோம். மாஸ்டர் கோபித்திருந்தால் தேவலை. அவர் மெல்ல அதை அவிழ்த்துச் சுருட்டி மேஸ்திரி கையில் கொடுத்தார். மேஸ்திரி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "என்னாலதான் கெட்டுச்சு மாஸ்டர்" என்றார். அந்தப் பெரிய குரல் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. சனிக்கிழமைக்கு ஆறு நாள் இருந்தது.

அந்த நேரத்தில் தெருவில், 'டொய்ங், டொய்ங்' என்று கேட்டது. நானும் மேஸ்திரியும் பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம், அதனாலேயே எங்கள் காதில் விழவில்லை. மாஸ்டர் விறைத்து நின்றார். "அது இன்னா?" என்றார். "பஞ்சு கொட்றவரு மாஸ்டர், மெத்தைக்கு" என்று நான் சொல்லி முடிப்பதற்குள், கிடாரைக் கையில் பிடித்தபடி வெறுங்காலோடு ஓடினார். நாங்கள் பின்னால் ஓடினோம். ஒரு சீனர் இடுப்பு வளைந்த வாத்தியத்தோடு பஞ்சு கொட்டும் ரஹீம் பாயைத் துரத்திய காட்சியை ஆம்பூர் கடைத்தெரு வெகுநாள் பேசியது.

ரஹீம் பாய் தோளில் ஆளுயர வில். அதில் இழுத்துக் கட்டியிருந்தது ஆட்டுக்குடல் நரம்பு! மாஸ்டர் அதை மீட்டிப் பார்த்துக் குழந்தைபோலச் சிரித்தார். ரஹீம் பாய் கிடாரை மேலும் கீழும் பார்த்தார். "ஆறு நரம்பா? ஒரு நாளைக்கு எத்தினி மெத்தை கொட்டுவீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். விஷயத்தைச் சொல்லி எங்கள் தேன் நிற அதிசயத்தைக் காட்டினோம். இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தார். "மேஸ்திரி, இது தோலாய்ட்ச்சு. நரம்பு பச்சையாவே காயணும், விறைப்பாவே காயணும். பட்டைத் தண்ணி பட்டா ஊமையாய்டும்."

தானே முறுக்கித் தர ஒப்புக்கொண்டார். மறுநாள் இளங்குட்டியின் குடல். சாம்பல் தண்ணீரில் ஊறல். மூங்கில் சிம்பால் ஹல்லு ஹல்லு என்று வழித்தல். தன் வில்லுக்குப் பல இழை முறுக்கும் ரஹீம் பாய், இதற்கு மூன்றே இழை எடுத்தார். இரண்டு முளைக்கு நடுவே நிழலில் இழுத்துக் கட்டினார். மேஸ்திரி பக்கத்திலேயே உட்கார்ந்து ஈ ஓட்டினார், எதிலும் கை வைக்கவில்லை. இப்படி மூன்று நரம்பு. புதன்கிழமை ஒன்றைக் கட்டினோம், பாதி முறுக்கிலேயே அறுந்தது. வியாழக்கிழமை இரண்டாவது, சுருதி சேர்ந்து நாங்கள் கைதட்டிய நொடியில் அறுந்தது. வெள்ளிக்கிழமை மூன்றாவது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். முறுக்கினார், முறுக்கினார், நின்றது. மீட்டினார்.

பேசியது! ஆனால் பழைய நரம்பின் குரல் இல்லை. கொஞ்சம் கரகரப்பு, சளி பிடித்த பெண் ரகசியம் சொல்கிற குரல். மேஸ்திரி கையெடுத்துக் கும்பிட்டார், யாரையென்று தெரியவில்லை.

சனிக்கிழமை, காட்பாடியில் என் அத்தைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி நான் லீவு வாங்கினேன். மேஸ்திரிக்கும் காட்பாடியில் ஓர் அத்தை முளைத்தாள். "நரம்பு என்னுது, நானும் வர்றேன்" என்று ரஹீம் பாயும் ரயிலேறினார். பள்ளிக்கூட மண்டபத்தில் கடைசி பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தோம். மாஸ்டர் செங்கல் இல்லாமல் ஒரு பைபிள் பெட்டிமேல் கால் வைத்து வாசித்தார். முதல் நரம்புக்கு விரல் போகும்போதெல்லாம் ரஹீம் பாய் என் தொடையைக் கிள்ளினார். அறுபடவில்லை. ஒரு மெதுவான பாட்டில் அந்தக் கரகரப்பு தனியாக மேலே ஏறியபோது மிஸ்ஸியம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். திங்கட்கிழமையே வேலையில் சேரச் சொன்னார். நாங்கள் மூவரும் வெளியே ஓடி, வேப்பமரத்தடியில் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஆடினோம்.

திரும்பி வரும் ரயிலில், மாஸ்டர் சன்னலோரம் தூங்கிப்போயிருந்தார். மேஸ்திரி என் காதில், "ஏம்பா, அவரு இனிமே வேலூர்ல இல்ல இருப்பாரு?" என்றார். அதுவரை எங்களுக்கு அது உறைக்கவேயில்லை. ராப்பகலாக நரம்பு முறுக்கி, எங்கள் வாத்தியாரை நாங்களே வண்டியேற்றிவிட்டிருந்தோம்.

வாரம் தவறாமல் வருவேன் என்றார். அவருக்கு லீவு ஞாயிறு, எங்களுக்கு வெள்ளி. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் வந்து அரை மணி சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார். ஆறாவது ஞாயிறு புது நரம்போடு வந்தார், பள்ளிக்கூடம் சீமையிலிருந்து வரவழைத்தது. மழைத் தண்ணீர் சொட்டுகிற சுத்தம். எல்லோரும் ஆஹா என்றோம். ரஹீம் பாய் தலையைக் குனிந்து முழுதும் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்குது. ஆனா நம்ம ஊரு ஆடு இல்ல" என்றார். மாஸ்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் வருவது குறைந்தது. ஒரு கோடை விடுமுறைக்கு மலைக்குப் போனவர் அங்கேயே வேறு பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டதாகக் கடிதம் வந்தது.

ஆவாரம்பட்டைத் தொட்டிகள் போய்விட்டன, இப்போது எல்லாம் டிரம்மும் ரசாயனமும். பஞ்சு கொட்டும் வில் தெருவில் வருவதில்லை. நரம்பு உறையில் வருகிறது. வசதிதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கரகரத்த குரல் உலகத்தில் ஒரே வாத்தியத்தில், ஆறு வாரம் மட்டும் இருந்தது. மேஸ்திரி போய்விட்டார், ரஹீம் பாய் போய்விட்டார், மாஸ்டர் எங்கே என்று தெரியாது. கேட்டவர்களில் நான் மிச்சம். இப்படித்தான் இருந்தது என்று யாருக்காவது பாடிக்காட்டலாமென்று எத்தனையோ தடவை வாயைத் திறந்திருக்கிறேன். எனக்குப் பாட வராது.