ஒரு வருஷம் கசங்காத உடுப்பு

கழுத்தில் எப்போதும் ஒரு கத்தரிக்கோல் தொங்கியதால் தையல் கூடத்தில் அவளுக்குக் கத்தரி அக்கா என்று பெயர். சொந்தப் பெயரை அங்கே யாரும் கேட்டதில்லை. வீட்டிலும் அதற்கு வேலை இருக்கவில்லை. பள்ளியில் அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டால், பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள், "வீட்ல சும்மாதான் இருக்காங்க" என்று சொல்வாள். தையல்காரி மகள் என்று சொல்ல அவளுக்குக் கூச்சம். இது அம்மாவுக்குத் தெரியும். தெரிந்தும் பதினாறு வருஷமாக ஊரார் குழந்தைகளுக்குப் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் ஒரு தொலைக்காட்சி விண்வெளித் தொடரில் வேலை கிடைத்தது. அப்பா, அம்மா, மூத்த பெண், சின்னப் பையன் என்று ஒரு குடும்பம். போகிற வழியில் கப்பல் உடைந்து, தெரியாத கிரகத்தில் விழுந்து, ஒரு வருஷம் தவிக்கிறார்கள். இதுதான் கதை. கப்பலின் கதவை மட்டும் செய்ய முப்பது தச்சர்கள் வந்தார்கள். அப்படிப் பணத்தைத் தண்ணீராக இறைத்த தொடர்.

ஒவ்வொருவருக்கும் எட்டு உடுப்புகள் கேட்டார்கள். முதலாவது புத்தம் புதிது. எட்டாவது, ஒரு வருஷம் கழித்துப் போடுவது. நடுவில் இருக்கிற ஆறையும் படிப்படியாகப் பழசாக்க வேண்டும். தையல் கூடத்தில் இதற்கு "வயசாக்குறது" என்று பேர். கம்பிப் பிரஷ், செங்கல் பொடி, கொதித்த டீத்தண்ணீர், இவைதான் சாமான்கள். கத்தரி அக்கா மூன்று மாதம் இதிலேயே கிடந்தாள். பையன் மூக்கைத் துடைப்பான் என்று அவன் சட்டையின் வலது கை நுனியை மட்டும் விறைக்க வைத்தாள். அம்மாக்காரி பையனைத் தூக்கி நடப்பாள் என்று இடுப்பின் இடது பக்கத்தைத் தேய்த்தாள். எட்டாவது உடுப்பில் மூத்த பெண்ணின் கிழிசலை அப்பா தைத்திருப்பார் என்று நினைத்து, தைக்கத் தெரியாத ஆண்பிள்ளை போடுவதுபோல் கோணல் மாணலாகத் தையல் போட்டாள். அந்தக் குடும்பம் பட்ட பாடு முழுவதும் உடுப்புகள் மாட்டிய அந்தக் கொக்கிகளில் தொங்கியது. வேறெங்கும் அது இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

தயாரிப்பாளர் ஒருநாள் வந்தார். இரண்டாவது உடுப்பைத் தொட்டதுமே முகம் சுளித்தார்.

"ஏம்மா, இது என்ன இவ்ளோ அழுக்கு?"

"தொலைஞ்சு போனவங்க சார். மாத்துத் துணி இல்ல."

"தொலைஞ்சா என்னம்மா? நல்ல குடும்பம். வீட்ல புள்ளகுட்டியோட உக்காந்து பாக்குறாங்க, அழுக்கைக் காட்டுனா சேனலை மாத்திடுவாங்க. கடையில இதே உடுப்புல பொம்மை வேற விக்கப் போறோம். ஒண்ணாம் நம்பரே போதும். தினம் இஸ்திரி போட்டு மாட்டிடு."

அவள் வாயைத் திறந்தாள்.

"கடைசியில உன் பேரு போடுறதா இருக்கோம். சும்மா பேசி அதைக் கெடுத்துக்காதே" என்றார் அவர்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். பெயர்! தொலைக்காட்சியில் பெயர் வந்தால் மகள், "அது எங்கம்மா" என்று சொல்லாமலா இருப்பாள்? மறுநாளிலிருந்து காலை ஐந்து மணிக்கே இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினாள். செய்வதைத் திருந்தச் செய்கிற கை. கால்சட்டை மடிப்பில் தக்காளியே நறுக்கலாம்.

முதல் பகுதி ஒளிபரப்பானது. கடைசியில் பெயர்கள் எறும்பு வரிசையாக ஓடின. "உடை" என்பதற்கு நேராக அவள் பெயர். மகள் துள்ளி எழுந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கத்தரிக்கோல் நெஞ்சில் குத்தியது. அவள் அசையவில்லை. மறுநாள் மகள் வகுப்பு முழுவதும் சொல்லிவிட்டு வந்தாள். அந்த ஒரு வாரம் கத்தரி அக்கா தரையில் கால் பாவாமல் நடந்தாள்.

தொடர்தான் தரைதட்டியது. கப்பல் தீப்பிடித்தால் அப்பா சிரித்தார். பசி என்றார்கள், யாருக்கும் கன்னம் ஒட்டவில்லை. ஆபத்து என்றால் அடுத்த நொடியே இயந்திர மனிதன் வந்து காப்பாற்றினான். மூன்றாவது பகுதியிலேயே அவள் கணவர் கொட்டாவி விட்டார். ஆறாவது பகுதியில் திரையில் "ஒரு வருடத்துக்குப் பின்" என்று எழுத்து வந்தது. குகைக்குள்ளிருந்து குடும்பம் நடந்து வந்தது. வெள்ளை வெளேரென்று. மடிப்புக் கலையாமல்.

வீட்டுக்கு வந்திருந்த கொழுந்தன் தொடையைத் தட்டினான். "கப்பல் போச்சு, சோறு போச்சு, தண்ணி போச்சு. இஸ்திரிப் பெட்டி மட்டும் தப்பிச்சிருச்சு போல, அண்ணி!"

கணவர் சிரித்தார். கொழுந்தன் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தான். மகளும் சிரித்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள், பார்த்துவிட்டும் சிரித்தாள்.

"எட்டாம் நம்பர் தைச்சேன்டா. அதைப் போட விடல."

"சரி அண்ணி, நம்புறோம். என் சட்டையையும் ஒரு வருஷத்துக்குத் தாங்குற மாதிரி தேய்ச்சுக் குடுங்க."

அந்த நகைச்சுவை கொழுந்தனுக்கு மட்டும் தோன்றியதல்ல. மறுநாளே ஒரு படம் எல்லார் செல்போனிலும் ஓடியது. கால்சட்டை மடிப்பைச் சுற்றிச் சிவப்பு வட்டம். பக்கத்தில் அவள் பெயர், தெளிவாக. கீழே, "விண்வெளியின் ஒரே சலவைக்கடை." கதையை எழுதியவர்கள் யாரென்று ஒருவரும் தேடவில்லை. சிரிக்க ஒரு பெயர் போதுமாக இருந்தது. தயாரிப்பாளரும் பேட்டி கொடுத்தார். "எங்க கதை பிரமாதம். தையல் பிரிவுலதான் கொஞ்சம் கவனம் பத்தல."

அவள் அவரைத் தேடிப் போனாள். வாசலில் ஒரு மணி நேரம் நிற்கவைத்துவிட்டுக் கூப்பிட்டார். மேசைமேல் எட்டாம் நம்பர் உடுப்பு விரித்துக் கிடந்தது.

"அடுத்த பாகத்துல அழுக்குத்தான்மா. ஜனங்க அதைத்தான் கேக்குறாங்க. பாரேன், இந்தக் கோணல் தையல், அடடா, அப்பனே தைச்ச மாதிரி இருக்கு."

அவள் முகம் மலர்ந்தது. "நான் வயசாக்குனது சார். எப்ப வரணும்?"

"நீ எதுக்கு? உடுப்புதான் இருக்கே. உன் பேரைப் பாத்தாலே சிரிக்கிறாங்கம்மா. வேற ஒருத்தர் பேரைப் போட்டுக்குறோம்."

வீட்டுக்கு வந்தபோது மகள் புத்தகப் பையைத் திறந்துகொண்டிருந்தாள். முகம் தெளிவாக இருந்தது.

"ஸ்கூல்ல கேலி பண்ணாங்களா?"

"பண்ணாங்க. நான் அன்னிக்குச் சொன்னது பொய்னு சொல்லிட்டேன். அதே பேருல வேற யாரோன்னு."

"பொய் சொன்னவள்னு சிரிச்சிருப்பாங்களே."

"சிரிச்சாங்க. பரவாயில்ல, அதுக்கு இது தேவலை." மகள் சீருடையைக் கழற்றி அம்மாவின் மடியில் போட்டாள். "நாளைக்குக் குரூப் போட்டோ. மடிப்பு நல்லா விழணும், சரியா?"

கத்தரி அக்கா எழுந்து இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினாள்.