துண்டுப்பிரசுரத்தில் மடித்த திருநீறு

ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களுக்குக் 'குரல்' என்றொரு சபை அமைப்பதற்கான சர்வசன வாக்கெடுப்புக்கு முந்திய வெள்ளிக்கிழமை, சிட்னி மேய்ஸ் ஹில் முருகன் கோயில் வாசலில் நின்று, 'ஆம்' என்று வாக்களிக்கக் கேட்கும் துண்டுப்பிரசுரம் கொடுத்தேன். சட்டத்தில் என்ன மாறும், என்ன மாறாது என்பதைத் தமிழில் சரியாக எழுதினால் போதும் என்று நினைத்திருந்தேன்.

பூசை முடிந்து வந்த ஒரு அன்ரி அதில் திருநீறு மடித்துக்கொண்டிருந்தார்.

"அன்ரி, அது வாசிக்கத் தந்தது."

"தொடங்கினனான் தம்பி, ஒரே சட்டக் கதை. எங்களுக்கேன் உது? நான் 'இல்லை' எண்டுதான் போடப்போறன்."

எனக்கு மனம் விழுந்துவிட்டது. "இலங்கையில தமிழர் எங்களைக் கேக்காமலே எங்கட காரியத்தை முடிவெடுத்தவங்கள். அது எப்பிடி இருந்தது அன்ரி?" என்றேன்.

அவர் மடிப்பதை நிறுத்தினார்.

"வயித்தெரிச்சல்தான். அதுக்காகக் கண்ணை மூடிக்கொண்டு போட ஏலுமே? இவையின்ர சபை சட்டத்தை மறிக்குமோ?"

"மறிக்க ஏலாது அன்ரி. ஆலோசனைதான் சொல்லும். உந்தத் தாளிலயே இருக்கு."

வயிற்றெரிச்சலைத் தொடாவிட்டால் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார். தாளில் பதில் இல்லாவிட்டால் நானும் முழித்திருப்பேன்.

அன்ரி திருநீற்றை என் உள்ளங்கையில் கொட்டிவிட்டு, தாளை உதறி விரித்து வாசிக்கத் தொடங்கினார். முருகா என்று நான் திருநீற்றை நெற்றியில் பூசிக்கொண்டேன்.