எப்போது வந்து சேர முடியும்?

எருத்தேன்பதியில் சொட்டுநீர் போட்ட ஒரு தென்னந்தோப்பைப் பார்க்கப் போன இடத்தில்தான் தோப்புக்காரரான அந்த அம்மாவைச் சந்தித்தேன். ஒல்லியான உடம்பு, சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை. எந்தக் குழாயைத் தாண்டினாலும் குனிந்து, உள்ளங்கையில் ஒரு சொட்டு விழுந்த பிறகே நகர்ந்தார்.

என் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்து, தன் பெயரைச் சொன்னார். அப்போதுதான் எனக்கும் புரிந்தது. நான் நீர்ப்பாசன அதிகாரியாக இருக்கும் சர்வதேச நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்தவர். என் பதவிக்கு அவரும் விண்ணப்பித்திருந்தார். தேர்வு நியாயமாக நடக்கவில்லை என்று வழக்குப் போட்டு ஜெயித்தார். தீர்ப்பாயம் அவருக்கு நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. விவரம் தெரியாமல் சேர்ந்தவன் பாதிக்கப்படக் கூடாது என்று பதவியை எனக்கே விட்டுவைத்தது.

"நஷ்டஈடு வந்துருச்சுங்களா?" என்றேன்.

"வந்துச்சுங்க. போர்வெல் போட்டாச்சு." கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "ஏனுங்க, ஒண்ணு கேக்கோணும். என்னைய இண்டர்வியூவுக்கே கூப்புடலீங்க. நானும் எல்லாம் படிச்சு வெச்சிருந்தேன். உங்ககிட்ட என்னங்க கேட்டாங்க?"

பொய் சொல்ல நினைத்தேன். முடியவில்லை.

"எப்ப வந்து சேர முடியும்னு கேட்டாங்க."

"அப்பறம்?"

"அவ்வளவுதாங்க."

சட்டையை இழுத்துச் சரிசெய்தார். பிறகு நேர்காணலுக்கு வந்தவர்போல் நேராக நின்று, "மறுநாளே வந்திருப்பேனுங்க" என்றார். அடுத்த குழாய்க்குக் குனிந்துவிட்டார்.

நான் அன்றைக்கு மூன்று மாதம் அவகாசம் கேட்டிருந்தேன், கொடுத்தார்கள். அதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.