தொப்பிக்காரர் பாடாத வீடு

இரண்டு எக்காளங்கள் ஒரே மூச்சில் மேலேறி உச்சியில் சட்டென்று நிற்கும். நின்ற இடத்தில் ஓர் ஆண்குரல், அழுகிறதா சிரிக்கிறதா என்று பிரித்தறிய முடியாமல், நீளமாக ஒரு கூவல் விடும். போன மாதம் தேனியில், கைபேசி பழுது பார்க்கும் கடையொன்றில், வேலை பார்க்கும் பையனின் கைபேசியிலிருந்து அந்தக் கூவல் வந்தது. எனக்கு அழுகை வரும் என்று காத்துக்கொண்டு நின்றேன். வரவில்லை.

சின்னமனூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் அந்தக் குரலுக்குத் 'தொப்பிக்காரர்' என்று பெயர். அவர் மெக்சிகோ தேசத்துப் பாடகர். கேசட் அட்டையில் வண்டிச் சக்கரம் அகலத்துக்குத் தொப்பி, வெள்ளி நூல் வேலை செய்த கறுப்புச் சட்டை, அடர்ந்த மீசை, பின்னால் ஒரு குதிரை. ஏலக்காய் லாரியில் தொற்றிக்கொண்டு கொச்சிக்குப் போய் அங்கே சரக்குக் கப்பலில் சமையல்காரராக ஏறியவர் என் அப்பா. ஏதோ ஒரு துறைமுகத்துக் கடையில் அந்தப் பாட்டைக் கேட்டு, ஒரு வார்த்தை புரியாமலே கேசட்டை வாங்கி, விடுப்பில் வந்த கூட்டாளியிடம் கொடுத்தனுப்பினார். அப்போது எனக்குப் பத்து வயதிருக்கும். தொண்ணூறுகள் முடிந்துகொண்டிருந்தன.

அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, 'ரேடியோ செட்' வைத்திருந்தார். கல்யாணம், சடங்கு, எழவு எதுவானாலும் தென்னையில் ஏறி ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டுவார். எங்கள் பக்கத்தில் எழவு வீட்டுக் குழாய்க்கு ஒரு கணக்கு உண்டு. பாடிக்கொண்டிருந்தால் உடல் வீட்டில் இருக்கிறது, நின்றால் எடுத்துவிட்டார்கள். வெளியூரிலிருந்து பேருந்தில் வந்து இறங்குகிறவர்கள் குழாய்ச் சத்தத்தைக் கேட்டுத்தான் நடையை எட்டிப் போடுவதா தளர்த்துவதா என்று முடிவு செய்வார்கள். அப்படியொரு எழவில் நடுமத்தியானம் சோகப்பாட்டுக் கேசட் சிக்கி நாடா வெளியே வந்துவிட்டது. குழாய் நிற்கக் கூடாதே என்ற பதற்றத்தில், எங்கள் வீட்டிலிருந்து கேட்பதற்காக எடுத்துப்போய்ப் பையில் வைத்திருந்த தொப்பிக்காரரைச் சித்தப்பா செருகினார். கூவல் எழுந்தது. அழுது ஓய்ந்து சுவரில் சாய்ந்திருந்த பெண்கள் மறுபடியும் மாரில் அடித்துக்கொண்டு எழுந்தார்கள்.

அதன் பிறகு ஊர் அவரை விடவில்லை.

"ஏலே, நான் செத்தா தொப்பிக்காரரத்தான் போடணும், சொல்லிப்புட்டேன்" என்பார் டீக்கடைப் பெரியவர்.

"நீ மொதல்ல செத்துக் காட்டு பெருசு, ரெண்டு பக்கமும் போடுறோம்" என்பார் சித்தப்பா.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "கடல்ல கெடக்குற மனுசன் ஆசையா அனுப்புனது. அதப் போயி எழவு வீட்ல அலற விடுறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?" என்று சித்தப்பாவிடமிருந்து பிடுங்கிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். அடுத்த எழவு வீட்டார் வந்து வாசலில் கைகட்டி நின்றபோது பூட்டைத் திறந்தாள். செத்த வீட்டுக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது?

மறு வருடம் அப்பா விடுப்பில் வந்தார். பேருந்தை விட்டு இறங்கியதும் தூரத்தில் தொப்பிக்காரர் பாடுவது கேட்டு, பெட்டியைச் சாலையிலேயே வைத்துவிட்டுச் சிரித்தாராம். "அங்கன கல்யாணத்துலயும் இவுகதான், சாராயக் கடையிலயும் இவுகதான், சாவுலயும் இவுகதான். ஆளு போய்ச் சேந்து எத்தனையோ வருசமாச்சாம், கொரலு மட்டும் இன்னும் வேலைக்குப் போயிட்டு வருது" என்றார். அம்மா மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அவர் திரும்பிப் போன நாலாம் மாதம், நடுக்கடலில் ஆளைக் காணவில்லை என்று கொச்சி ஏஜெண்ட் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தார். தேடினார்கள், கிடைக்கவில்லை. எங்கள் வீட்டு முன்னால் பந்தல் போட்டார்கள். சித்தப்பா தென்னையில் குழாயைக் கட்டிவிட்டு இறங்கி வந்தார், கண் வீங்கியிருந்தது.

"மதினி, அந்தக் கேசட்ட எடுத்துக் குடுங்க. ஊரே கேக்குது."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "போட்டா எப்ப நிறுத்துவீக? எடுக்குறதுக்கு இங்கன என்ன இருக்கு?"

சித்தப்பா மறுபடியும் மரமேறிக் குழாயை அவிழ்த்தார். வந்தவர்கள் எல்லோரும் எடுத்தாகிவிட்டது என்று நினைத்து, தெருமுனையிலேயே நடை தளர்ந்து வந்தார்கள். நான் அவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். செம்பு கனத்தது நினைவிருக்கிறது, வேறொன்றும் நினைவில்லை.

இப்போது ஊரில் குழாய்கள் இல்லை. சித்தப்பாவினுடையவை பழைய இரும்புக்குப் போயின. கேசட்டில் பூஞ்சை பூத்துவிட்டது. அப்பாவின் குரலும் என்னிடம் இல்லை. எவ்வளவு முயன்றாலும் அவர் சொன்ன சொற்கள் என் குரலில்தான் வருகின்றன. தொப்பிக்காரர் குரல் மட்டும் மூச்சு வாங்கும் இடம்வரை அப்படியே இருக்கிறது.

"அர்த்தங்கூடப் போட்டிருக்குக்கா, தமிழ்ல மாத்தித் தரவா?" என்று கேட்டு அந்தக் கடைப் பையன் பாட்டையும் அர்த்தத்தையும் என் கைபேசிக்கு அனுப்பிவைத்தான். படிக்காமல் அம்மாவிடம் கொண்டுபோனேன். கூவல் முழுவதையும் கேட்டாள். அர்த்தத்தைத் திறக்கப் போன என் விரலைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்டி. அமத்து."

ஏனென்று எனக்குத் தெரியும். அப்பா கடைசியாகப் புறப்பட்ட காலை, சின்னமனூர் பேருந்து நிலையத்தில் குமுளி வண்டி உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, விடுப்பு முழுவதும் கேட்காததை அம்மா அப்போதுதான் கேட்டாள்: "ஏங்க, அந்தத் தொப்பிக்காரவுக என்னதான் சொல்லி அப்பிடிக் கதறுறாக?"

வண்டி நகர்ந்தது. அப்பா தலையை வெளியே நீட்டினார்.

"எனக்கு மட்டும் என்ன தெரியும்? அந்தப் பக்கந்தான போறேன், கேட்டுட்டு வந்து சொல்றேன். அதுவரைக்கும் நீயா ஒண்ணும் நெனச்சுக்கிறாத, என்ன?"