அம்மா பெரியம்மாவான கதை

என்னைப் பெற்ற அம்மாவையே நான் பெரியம்மா என்று கூப்பிட்ட காலம் ஒன்று உண்டு. தத்துக் கொடுத்துவிட்டார்களோ என்று நினைக்க வேண்டாம். எல்லாம் ஒரே வீட்டுக்குள், எல்லோருக்கும் தெரிந்தே நடந்தது. அந்தச் சட்டத்தைப் போட்டவளும் அம்மாதான்.

அப்போது நாங்கள் மீமிசலில் இருந்தோம். நான் மூன்றாம் வகுப்பு. பஸ் ஸ்டாப்புக்கு எதிரே அப்பாவுக்கு ஜெராக்ஸ் கடை, கடைக்குப் பின்னாலேயே வீடு. அம்மாவின் தங்கை, அதாவது என் சித்தி, புதுக்கோட்டையில் ஆசிரியர் பயிற்சி படித்தவள். முதல் வருடம் முடிந்ததும் கல்யாணம் செய்துவைத்தார்கள். பிள்ளை உண்டானதும் படிப்பு நின்றுபோனது. சித்தப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்தார். பிள்ளை பிறந்த பிறகு, மிச்சமிருக்கும் ஒரு வருடத்தையும் முடித்துவிடுகிறேன் என்று சித்தி கேட்டாள். கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன படிப்பு வேண்டிக்கிடக்கிறது என்று மாமியார் வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

அம்மா பத்தாவதோடு நிறுத்தப்பட்டவள். கோபத்தை நாளைக்கு என்று எடுத்துவைக்கத் தெரியாதவள். நேரே அந்த வீட்டுக்குப் போய், "நீ போயி படிச்சு முடி. பிள்ளைய நான் பாத்துக்கிறேன்" என்று தங்கையிடம் சொல்லி, பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். பால் புட்டி மட்டும் பின்னால் வேறு ஒருவர் கையில் வந்து சேர்ந்தது.

அப்படித்தான் எட்டு மாதப் பாப்பா எங்கள் வீட்டுக்கு வந்தாள். சித்தி புதுக்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கினாள். சனிக்கிழமை வகுப்பு முடிந்து கிளம்பி, அறந்தாங்கியில் பஸ் மாறி, இருட்டுகிற நேரத்துக்கு வந்து சேருவாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் பாப்பாவைத் தூக்குவாள். பாப்பா யாரோ பிடித்துக்கொண்டது போல நெளிவாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நெளிச்சல் நின்று சிரிப்பு வரும். அதற்குள் பஸ்சும் வந்துவிடும்.

பாப்பா பேச ஆரம்பித்தபோதுதான் வம்பு வந்தது. பிள்ளைகள் காதில் விழுவதைத்தானே பேசும்? நான் அம்மா என்று கூப்பிடுகிறவள்தான் அவளுக்கும் அம்மா. நான் சித்தி என்று கூப்பிடுகிறவள் அவளுக்கும் சித்தி. நாக்கு புரளாமல் 'தித்தி' என்பாள். எனக்கு அதில் ஒரு தவறும் தெரியவில்லை. என்னைப் பார்த்துத்தான் படித்தாள் என்று பெருமையாகக்கூட இருந்தது.

சித்திக்கு அப்போது பள்ளிக்கூடத்தில் நின்று பாடம் நடத்திப் பழகுகிற பருவம். ஒன்றாம் வகுப்பு கொடுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அட்டை வெட்டிப் படம் ஒட்டி, அடுத்த வாரப் பாடத்தை என்னிடம் நடத்திப் பார்ப்பாள். மூன்றாம் வகுப்புக்காரியான நான் பெரிய மனது பண்ணி ஒன்றாம் வகுப்புப் பிள்ளையாக உட்கார்ந்திருப்பேன். ஒரு ஞாயிறு அவள் ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டினாள். சேலை கட்டிய பெண் ஒருத்தி குழந்தையோடு நிற்கிற படம். "அ... அம்மா. எல்லாரும் சொல்லுங்க பாப்போம்!" என்றாள்.

எல்லாரும் என்றால் நான் ஒருத்திதான். நான் வாயைத் திறப்பதற்குள், என் அம்மாவின் இடுப்பில் இருந்த பாப்பா, அம்மாவின் கன்னத்தைத் தட்டி, "ம்மா!" என்றாள். பிறகு அட்டையைப் பிடித்திருந்த சித்தியைக் காட்டி, "தித்தி" என்றாள்.

எல்லோரும் சிரித்தோம். கடையிலிருந்து வந்த அப்பா, "ஒன் கிளாஸ்லயே இவதான் ஃபர்ஸ்ட் ராங்க்" என்றார். சித்தியும் சிரித்தாள். பிறகு கொடியில் துணி காய்ந்துவிட்டதா என்று பார்த்து வருவதாகக் கொல்லைப்பக்கம் போனாள். துணி துவைத்தே ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. ரொம்ப நேரம் அவள் வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது. "நான் நின்னுக்கிறேன்க்கா. போதும் இந்தப் படிப்பு. முப்பது பிள்ளைக்கு அம்மான்னு சொல்லிக் குடுக்குறேன், எம் பிள்ள வாயில அது வரல" என்றாள்.

"கூறுகெட்டதனமா பேசாத. இத்தனை தூரம் வந்துட்டு நிப்பாளாம்" என்று அம்மா அதட்டினாள். சித்தி பஸ் ஏறிப் போனதும் என்னையும் அப்பாவையும் எதிரே உட்கார வைத்துச் சட்டம் போட்டாள். "இனிமே இந்த வீட்டுல நான் பெரியம்மா. அவதான் அம்மா. பாப்பா காதுல வேற மாதிரி விழுகக் கூடாது. வெளங்குதா?"

"அப்ப நான் ஒன்னைய என்னன்னு கூப்புடணும்?" என்று அப்பா கேட்டார். அம்மா முறைத்த முறைப்பில் கடைக்குப் போய்விட்டார்.

எனக்கோ கொண்டாட்டம். காலையில் எழுந்ததிலிருந்து "பெரியம்மா காப்பி, பெரியம்மா ஜடை, பெரியம்மா பென்சில்" என்று வீடு பூராவும் சுற்றி வந்தேன். அப்பா சித்தியின் போட்டோவைப் பெரிதாக்கி கலர் ஜெராக்ஸ் எடுத்துச் சுவரில் ஒட்டினார். அதை நாளெல்லாம் காட்டி, "இது யாரு? அம்மா!" என்று சொல்லிக் கொடுத்தேன். பாப்பா பிடித்துக்கொண்டாள். ஆனால் சுவரில் ஒட்டியிருப்பதெல்லாம் அம்மா என்று பிடித்துக்கொண்டாள். தினசரி காலண்டரில் இருந்த மாரியம்மனையும் அம்மா என்றாள். அதை யாரும் திருத்தப் போகவில்லை.

சட்டத்தை முதலில் உடைத்தவள் நான்தான். வாசற்படியில் தடுக்கி விழுந்து முழங்கால் தோல் பெயர்ந்தபோது, ஊரே கேட்க "அம்மா!" என்று கத்திவிட்டேன். அடி பட்டவள் பெரியம்மா என்று யோசித்தா கத்துவாள்? அம்மா ஓடிவந்தாள். பாப்பாவும் தத்தித் தத்தி வந்து, அவள் சேலையைப் பிடித்து "ம்மா, ம்மா" என்றாள். ஒரு வாரத்து உழைப்பு போனது. மஞ்சளை வைத்து அழுத்திக்கொண்டே, "வலிச்சாலும் பாத்துக் கத்தணும்டி" என்றாள் அம்மா. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சுவரில் இருப்பவளை அம்மா என்றாலும், சனிக்கிழமை ஆளே நேரில் வந்து நின்றால் பாப்பா பழையபடி "தித்தி" என்று சொல்லி என் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிவாள். அம்மா அடுத்த வேலையை ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பாப்பாவைத் தங்கையிடம் விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவாள். சாயங்காலம்வரை வர மாட்டாள். பாப்பா கதவைப் பிடித்துக்கொண்டு அழுவாள். சித்தி அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடப்பாள், பாடுவாள், பாடுகிற குரலிலேயே அழுவாள். வேலையெல்லாம் சித்தி தலையில் கட்டிவிட்டு இந்த அம்மா ஊர்க்கதை பேசப் போய்விட்டாளே என்று எனக்கு எரிச்சலாக வரும்.

ஒருநாள் கூப்பிட்டு வரலாம் என்று போனேன். அம்மா கதை எதுவும் பேசிக்கொண்டிருக்கவில்லை. எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டிய மூலையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் வைத்த காப்பி ஆறி ஆடை படிந்திருந்தது.

"அழுகுறாளா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"யாரு வச்சிருக்கா?"

"சித்தி. இல்ல, அம்மா."

"சரி, நீ போ. நான் இங்கிட்டு இருக்கேன்னு சொல்லிறாத" என்றாள்.

மாசி போய்ப் பங்குனி வந்தது. ஞாயிற்றுக்கிழமை அழுகை மத்தியானத்தோடு நிற்க ஆரம்பித்தது. பிறகு காலைக் காப்பியோடு நின்றது. ஒரு சாயங்காலம் வழக்கம்போல சித்தியை ஏற்றிவிடப் பஸ் ஸ்டாப்பில் நின்றோம். சித்தி பாப்பாவை என் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் படியில் கால் வைத்தாள். பாப்பா என் அம்மாவின் தோளை இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டு, பஸ்சைப் பார்த்து, "ம்மா! ம்மா!" என்று கத்தினாள்.

சித்தி அப்படியே நின்றாள். பின்னால் இருந்தவர்கள் ஏற முடியாமல் முணுமுணுத்தார்கள். "ஏறுறீங்களா, எறங்குறீங்களாம்மா?" என்று கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டார். "எறங்குறேங்க" என்று சொல்லி இறங்கிவிட்டாள். மறுநாள் முதல் பஸ்ஸில் போயும் வகுப்புக்கு நேரம் தப்பிவிட்டது, எல்லோர் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அடுத்த வாரம் அதைச் சொல்லும்போது பரிசு வாங்கியதைச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

பஸ் ஸ்டாப்பில் சித்தி பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதபோது நான் துள்ளிக் குதித்தேன். எங்கள் சட்டம் ஜெயித்துவிட்டதே! அம்மாவின் கையைப் பிடித்து ஆட்டினேன். பாப்பாவைத் திரும்ப வாங்கிக்கொள்ள நீட்டியிருந்த கைகளை அவள் அப்போதுதான் கீழே இறக்கினாள். "ஆமாடி, ஜெயிச்சாச்சு" என்றாள்.

அதன்பின் எல்லாம் வேகமாக நடந்தது. பாப்பாவுக்கு என் அம்மா 'பெய்யம்மா' ஆனாள். சித்திக்குப் பரீட்சை முடிந்தது. அறந்தாங்கிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார்கள், அங்கேயே வீடும் பார்த்தாள். ஒரு நல்ல நாளில் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பாப்பா ஜன்னல் வழியாக, "பெய்யம்மா டாட்டா" என்று சிரித்துக்கொண்டே போனாள். கொஞ்சம்கூட அழவில்லை. நல்ல பிள்ளை என்று எல்லோரும் மெச்சினார்கள்.

சட்டமும் அன்றோடு ரத்து. நான் மறுபடி அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தேன். பழகிய நாக்கு நாலைந்து நாள் தடுமாறியது, அவ்வளவுதான். ஆனால் வீடு எனக்குச் சப்பென்று இருந்தது. விளையாட ஆளில்லை. அம்மாவும் முன்போலக் கோபப்படவில்லை. சண்டைக்குக்கூட ஆளில்லாத வீடாகிவிட்டது.

அப்போது பள்ளிக்கூடம் லீவு. ஒரு மத்தியானம் அம்மா கொல்லையில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். சும்மா இருக்க முடியாமல் வாசல் பக்கம் போய், கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, பாப்பாவின் குரலில், "பெய்யம்மா!" என்று கூப்பிட்டேன். அந்தக் குரல் எனக்கு அச்சாக வரும்.

பாத்திரம் உருள்கிற சத்தம் கேட்டது. அம்மா ஓடிவந்தாள். கையெல்லாம் மீன் செதிள். என்னைத் தாண்டி, வாசலைத் தாண்டி, நடு ரோட்டில் போய் நின்று பஸ் ஸ்டாப்பைப் பார்த்தாள். அங்கே பஸ் எதுவும் இல்லை.

நான் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே குதித்துக் கைதட்டிச் சிரித்தேன். அடி விழும் என்று பாதி ஓடவும் தயாராக இருந்தேன். அம்மா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவ கூப்புடு" என்றாள்.

என் விளையாட்டு அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். பொழுது சாயும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.