அருகம்புல் திறக்கும் நேரம்

செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஐந்தே கால் மணிக்கு அசோக் நகரிலிருந்து கிளம்பினோம். போய்ச் சேர்ந்த இடம் அடையாறு. பார்க்க வேண்டியது ஒரு புல்லின் பூ. இமயமலைக்குப் போய் வந்து எழுதுகிறவர்கள் சிரிக்கலாம், தாராளமாகச் சிரிக்கட்டும்.

நான் தி.நகரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறவன். செவ்வாய் எனக்கு விடுமுறை. என் மனைவி செல்வி கல்லூரியில் தாவரவியல் சொல்லித் தருகிறாள். சென்னையின் புற்களையும் கோரைகளையும் பற்றிய ஒரு புத்தகத்துக்காகப் பதினொரு வருடமாகப் படம் வரைகிறாள். அறுபது படம் முடிந்துவிட்டது. பாக்கி ஒன்றே ஒன்று, ஊருக்கே தெரிந்த அருகம்புல். எங்கே போய்விடப் போகிறது என்று அதைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தாள். அதற்குள் அவளுடைய வலது கண் போய்விட்டது. வருகிற வெள்ளிக்கிழமை இடது கண்ணில் அறுவை சிகிச்சை. பழைய பார்வை இருக்கும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. ஆகவே வெள்ளிக்கு முன்னால் அந்தப் பூவைப் பார்த்து வரைந்தாக வேண்டும்.

ஐந்தே முக்காலுக்கு மயிலாப்பூர் குளக்கரை. ஆட்டோவுக்கு நூற்றெண்பது ரூபாய். "கோயிலுக்கா சார்?" என்றார் ஓட்டுநர். புல் பார்க்க என்றேன். கண்ணாடியில் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

குளக்கரையில் கன்னியம்மா பிள்ளையாருக்கு அருகம்புல் மாலை கட்டி விற்கிறார். போன வாரம் செல்வி அவரிடம் நாலு கட்டு வாங்கினாள். ஒன்றில்கூடப் பூ இல்லை. கொழுந்துதான் விலைபோகும் என்பதால் கதிர் வந்ததையெல்லாம் கிள்ளிப் போட்டுவிடுகிறார். மறுநாள் சொல்லிவைத்து, பூவோடு ஈரச்சாக்கில் சுற்றி வாங்கி வந்தோம். வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தால் எல்லாம் மூடிக் கிடந்தன. அந்தப் புல் முளைக்கும் இடத்தைக் கேட்கத்தான் இன்று வந்திருந்தோம்.

"இன்னாம்மா, இன்னிக்கும் பூ வச்ச புல்லுதானா? ஊரே கொழுந்து கேக்குது, நீ ஒருத்திதான் முத்துனது கேக்குற!"

"பறிச்சா மூடிக்குது கன்னியம்மா. முளைச்ச இடத்துலயே பாக்கணும்."

"கஸ்தூரிபா நகர் ஸ்டேஷன் பின்னால காலி மனை ஒண்ணு கீது. அங்கதான் அறுத்துகினு வர்றேன். வெயில் ஏறதுக்குள்ள போ. சார், அம்மா கையப் புடிச்சுக்கோ, பள்ளமா கீது."

மந்தைவெளி வரை நடந்து, ஐந்து ரூபாய் டிக்கெட்டில் ஆறு இருபது ரயிலைப் பிடித்தோம். பெட்டியில் எங்களோடு நாலைந்து பேர்தான். அடையாற்றைத் தாண்டும்போது செல்வி தன் இரண்டு உள்ளங்கைகளையும் குவித்துக் காட்டினாள்.

"புல்லுப் பூவுக்கு இதழே கிடையாதுங்க. வண்டு வரணும்னாத்தானே அலங்காரம்? இதுக்குக் காத்து போதும். இந்தக் கை ரெண்டும் உமின்னு வச்சுக்குங்க. உள்ள ரெண்டு குட்டிச் செதில் இருக்கு. காலைல அது தண்ணி குடிச்சு உப்பி, உமியைத் தள்ளித் திறக்கும். கொஞ்ச நேரம்தான். அப்புறம் சுருங்கிடும்."

"எங்க கடை ஷட்டரே தேவலாம்" என்றேன். சிரித்தாள்.

ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அந்த மனையில் இருந்தோம். கோரையும் அருகும் கலந்து முளைத்திருந்தன. செல்வி குனிந்து ஒவ்வொரு தண்டையும் விரல்களுக்கிடையே உருட்டினாள். "மூணு பட்டை. கோரை. இது உருண்டையா இருக்கு, புல்லு." பார்க்காமலேயே சொல்கிறாளே என்று நான் பெருமையாக நின்றுகொண்டிருந்தேன். பிறகு மண்டியிட்டு லென்ஸை இடது கண்ணில் வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள்.

"பூ திறந்திருக்குதாங்க?"

"நீதானே பாக்குற?"

"எனக்குத் தெரியலைங்க. ஒரு வாரமாவே நடுவுல ஒரே கலங்கல். உங்ககிட்டச் சொல்லல."

கல்யாணமான இருபத்திரண்டு வருடமாக அந்த லென்ஸை நான் கேலி செய்திருக்கிறேனே தவிர, ஒருமுறைகூட அதன் வழியாகப் பார்த்ததில்லை. அவள் அதை என் கையில் வைத்து, "படுத்துக்கிட்டுப் பாருங்க" என்றாள். சட்டையோடு மண்ணில் படுத்தேன்.

"ஒத்தைச் செதில்தான் தெரியுது. அதுக்குள்ளேர்ந்து மூணு கிளையா ஒரு நூல் நீட்டிக்கிட்டிருக்கு."

"அது கோரைங்க. அதுக்கு ஒரு பூவுக்கு ஒரு செதில்தான். பக்கத்துல பாருங்க, விரல் விரிச்ச மாதிரி நாலு கதிர் இருக்கும்."

இருந்தது. ஒவ்வொரு விரலிலும் எள்ளைவிடச் சிறிய உமிகள் இரண்டு வரிசையாக ஒட்டியிருந்தன. மூச்சைப் பிடித்துக்கொண்டு லென்ஸை நெருக்கினேன். ஒரு உமி திறந்திருந்தது. அதிலிருந்து மூன்று மகரந்தப்பைகள் மெல்லிய நூலில் தொங்கி ஆடின. இரண்டு பக்கமும் கத்தரிப்பூ நிறத்தில் இரண்டு இறகுகள் விரிந்திருந்தன.

"ஐயோ செல்வி..."

"ஐயோன்னா எப்படிங்க வரையறது? எத்தனை பை? இறகு உமிக்கு வெளிய எவ்வளவு தூரம் வந்திருக்கு?"

சொன்னேன். அவள் நோட்டை முகத்துக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, தடித்த பென்சிலால் பெரிதாக வரைந்தாள். வரைந்ததை நான் பூவோடு ஒப்பிட்டு, இறகு இன்னும் விரியட்டும், நூல் இன்னும் மெலியட்டும் என்றேன். மூன்று முறை அழித்தாள். கடையில் ஒரு பைசா பிசகாமல் பில் போடும் கண்கள் கடைசியில் உருப்படியான ஒரு வேலைக்கு உதவின. காற்று வீசியபோது பையிலிருந்து மகரந்தத் தூள் பறந்தது. அதையும் சொன்னேன். அவள் என் முதுகில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள்.

எட்டு மணிக்குள் உமிகள் மூடத் தொடங்கின. படம் முடிந்திருந்தது.

திரும்பும் வழியில் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றை ஒப்புக்கொண்டேன். எங்கள் வீட்டு வாசல் ஓரத்தில் முளைக்கும் அருகை மாதாமாதம் நான்தான் சுரண்டி எடுப்பேன். வாசல் சுத்தமாக இருக்க வேண்டும் எனக்கு. விட்டிருந்தால் அங்கேயே பூத்திருக்கும், இவ்வளவு தூரம் இவளை அலைய விட்டிருக்க வேண்டாம். "இனிமே விடுங்க" என்றாள், அவ்வளவுதான்.

அவள் ஒவ்வொரு படத்தின் அடியிலும் செடியின் பெயர், இடம், வரைந்தவர், பார்த்தவர் என்று நான்கு வரி எழுதுவது வழக்கம். அறுபது படங்களிலும் கடைசி இரண்டு வரியில் அவள் பெயர்தான் இருக்கிறது. ரயில் வருவதற்குள் இதிலும் எழுதிவிட வேண்டும் என்றாள். நோட்டைப் பிடித்துக்கொண்டேன். அருகம்புல், அடையாறு, வரைந்தவர் செல்வி என்று எழுதினாள். பார்த்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினாள். எழுத்து கோட்டை விட்டுக் கீழே இறங்கிக்கொண்டே போனது. அதை நேராக்க நான் நோட்டை நகர்த்தவில்லை.